உங்கள் ஸ்கீமாவில் இல்லாத விடை

சார்,

ஆசிரியர் அறை அலமாரியை இன்று ஒழித்தபோது திருத்துவதற்கு நீங்கள் வைத்திருந்த விடைக்குறிப்புத் தாள் கையில் கிடைத்தது. ஸ்கீமா, ஸ்கீமா என்று நீங்கள் தூக்கிக்கொண்டு அலைந்த அதே தாள். மலைக் குளிரில் பூஞ்சை பிடித்துவிடும் என்று பிளாஸ்டிக் உறை போட்டிருந்தீர்கள். தாள் தப்பிவிட்டது; பூஞ்சை முழுக்க உங்கள் மூளைக்குப் போயிருக்க வேண்டும். இறந்தவரைப் பற்றி இப்படி எழுதக் கூடாதாம். கணிதப் பிரிவுத் தலைவராக உங்களை அத்தனை வருடம் நான் பொறுத்துக்கொண்டேன், இதை நீங்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஆறாம் படிவத்தின் முன்னோட்டத் தேர்வு. மேலே 4, கீழே (2x − 2)(x + 1). பின்னத்தை இரண்டாக உடைத்துத் தொகையிட வேண்டும். தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்திலிருந்து வரும் மாலதி ஒரு வரிகூடப் பிசகாமல் உடைத்திருந்தாள். அவள் விடையில் ln|2x − 2| என்று வந்தது, உங்கள் தாளில் ln|x − 1|. வித்தியாசம் வெறும் ln 2. கடைசியில் போடும் மாறிலி c-க்குள் அது அடங்கிவிடும். இரண்டும் சரிதான். இதுகூடத் தெரியாமல் ஒருவர் ஓய்வுபெறும்வரை பாடம் எடுத்தார் என்று நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது.

"ஸ்கீமால இல்லலா டீச்சர். இல்லாததுக்கு எப்படி மார்க் போடுறது?" என்று சிவப்பு மையில் கோடு இழுத்தீர்கள்.

"சார், அந்த ரெண்டை c எடுத்துக்கும்."

"நீங்க எத்தனை வருசம் சர்வீஸ்?"

உங்களுக்குத் தெரிந்த ஒரே நிரூபணம் அதுதான்.

மாலதி மூன்று மதிப்பெண் குறைந்து தேறாமல் போனாள். அந்தக் கேள்விக்கு மட்டும் நான்கு. தேறினால்தான் மேலே படிக்கலாம் என்று முன்பே சொல்லியிருந்த அவள் அப்பா, அந்த வாரமே பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டார். உங்கள் இறுதிச் சடங்கில் ஆளாளுக்கு உங்களைக் கண்டிப்பானவர் என்றார்கள். கண்டிப்பாவது ஒன்றாவது. தாளில் இல்லாததை யோசிக்க உங்களுக்குப் பயம்.

போன ஞாயிறு மலைமேல் திரிங்காப் ஊரில் அவளைப் பார்த்தேன். பூந்தோட்டத்து வாசலில் செவ்வந்திக் கட்டுகளை லோரியில் ஏற்றிக்கொண்டிருந்தவள், கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"டீச்சர், அந்தக் கணக்குல நான் எங்க தப்பு பண்ணேன்? இன்னமும் வீட்ல போட்டுப் பாக்குறேன், அதே ஆன்சர்தான் வருது."

அவளுடைய தேர்வுத் தாளில் உங்கள் கையெழுத்துக்குக் கீழே, சரிபார்த்தவர் என்ற இடத்தில், என் கையெழுத்து இருக்கிறது சார். அவள் விடை சரி என்று தெரிந்தே போட்டது.

"பழசெல்லாம் இப்ப எதுக்கும்மா," என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினேன்.