பதினான்கு பாகை

அன்பு மகள் குட்டிம்மாவுக்கு வாப்பா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நான் மூட்டுவலியும் மூக்குக்கண்ணாடியுமாக நடமாடிக்கொண்டிருக்கிறேன், நீயும் மருமகனும் அங்கே எந்தக் குறையும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று யாராவது வந்து சொன்னால் பாதி வலி போய்விடும். போன் இருக்கும்போது இதென்ன கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் ஒன்றை ஆரம்பிப்பதற்குள் சாப்பிட்டீங்களா வாப்பா, மாத்திரை போட்டீங்களா வாப்பா என்று கேட்டுவிடுகிறாய், நானும் ஆமாம் ஆமாம் என்று சொல்லி வைத்துவிடுகிறேன். இது அப்படி வைத்துவிடக்கூடிய விஷயம் இல்லை. அதற்கு முன் ஒன்று, புது வீட்டில் கதவு தானாகப் பூட்டிக்கொள்ளும் என்று சொன்னாயே, அதை நம்பி அப்படியே போய்விடாதே, கைப்பிடியை இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுப் போ. நாற்பது வருடம் பூட்டோடு குடும்பம் நடத்தியவன் சொல்கிறேன்.

நம் பள்ளிவாசலில் பழைய விரிப்பைச் சுருட்டி எடுத்துவிட்டார்கள். கிழிந்து நூல் நூலாக வந்துவிட்டது, போன மாதம் ஒரு பெரியவர் கால் தடுக்கி விழப் பார்த்தார். புது விரிப்பில் வரிசைக் கோடு நெய்தே வரும், அதனால் தொழும் திசையை ஒரு தடவை சரிபார்த்துவிடலாம் என்று இமாம் ஒரு சர்வேயரை அழைத்து வந்தார். எனக்கு அங்கே வேலையே இல்லை, விரிப்பு அடுக்கும் அறைக்கதவின் தாழ்ப்பாளைச் சரிசெய்யப் போனவன் வேடிக்கை பார்க்க நின்றேன். சர்வேயர் தரையில் கருவியை வைத்துக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார், நானும் பக்கத்தில் குனிந்தேன். அவர் நிமிராமலே, ஐயா அந்தச் சாவிக்கொத்தக் கொஞ்சம் தள்ளி வைங்க, முள்ளு ஆடுது என்றார். அவ்வளவுதான் குட்டிம்மா. எனக்கு அந்த இடத்திலேயே காது அடைத்துவிட்டது. நான் நாலடி தள்ளிப் போனதும் அவர் மறுபடி பார்த்து, உங்க பள்ளிவாசல் பதினாலு பாகை விலகியிருக்கு, யாரு திசை போட்டது என்று கேட்டார். யாருக்கும் தெரியாது, அதனால் யாரும் என்னைப் பார்க்கவில்லை. எல்லோரும் மேலே தொங்கும் மின்விசிறியைப் பார்த்தார்கள்.

திசை போட்டவன் நான். முப்பது வருடம் முன்பு பழைய கட்டடத்தை இடித்துக் கட்டும்போது உனக்கு மூன்று வயது. பள்ளிவாசலின் அப்போதைய தலைவர், இப்போது மருந்துக்கடை வைத்திருப்பவரின் வாப்பா, காலையில் கடைக்கு வந்து, ஒரு மயிரிழை தப்பினாலும் பூட்டு திறக்காது, அந்தக் கண்ணு உனக்கு இருக்கு, நீயே வந்து திசையப் போட்டுக் குடு என்று கூப்பிட்டார். அப்படியே போனேன். இரவல் வாங்கிய திசைகாட்டியைத் தரையில் வைத்து, குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். இடுப்பில் முழுக்கொத்து, முப்பது நாற்பது இரும்புச் சாவி, திசைகாட்டிக்கு ஒரு சாண் தூரத்தில் தொங்கியிருக்கிறது. எனக்கு முன்னாலே என் சாவிச் சத்தம்தான் வீட்டுக்கு வரும் என்று உன் உம்மா கேலி செய்வாளே, அந்தக் கொத்துதான். முள் என்னைப் பார்த்துத் திரும்பியிருக்கிறது, நான் அதை மக்காவிலுள்ள கஅபா பக்கம் என்று நினைத்துக் கயிறு கட்டிவிட்டேன். சுவர் எழும்பியது, இமாம் நிற்கும் வளைவு எழும்பியது, முப்பது வருடம் ஐந்து வேளையும் இந்தத் தெருவே அந்தக் கயிற்றின் பின்னால் நின்றிருக்கிறது. அந்த வேலைக்கு யாரும் ரசீது எழுதவில்லை, அதனால் ஊரில் எல்லோரும் தலைவரே திசை போட்டதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர் எதிலும் அவசரக்காரர், இதுலயும் அவசரப்பட்டுட்டார் என்று வாசலில் செருப்பு மாட்டும்போது ஆளாளுக்குச் சொல்கிறார்கள். அவர் இறந்து பத்து வருடம் ஆகிறது, வந்து பதில் சொல்ல மாட்டார். அவர் மகன் மருந்துக்கடைக்காரர் ஒரு வாரமாகக் கடைசி வரிசையில் வந்து நின்று, தொழுகை முடிந்து சலாம் கொடுத்ததும் யார் முகத்தையும் பார்க்காமல் போய்விடுகிறார். ஊருக்கெல்லாம் பூட்டுத் திறந்தவன் என் வாயைத் திறக்க முடியாமல் ஒரு வாரம் பக்கத்தில் நின்றேன்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன், எழுத்து கோணினால் பொறுத்துக்கொள். உனக்குப் பதினொரு வயது. அறிவியல் போட்டியில் பரிசாகக் கிடைத்த குட்டித் திசைகாட்டியை எடுத்துக்கொண்டு பெண்கள் பக்கம் போனவள், ஓடி வந்து, ஆண்கள் எல்லாம் தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளூச் செய்துகொண்டிருந்த தொட்டிக்கு முன்னால் நின்று, வாப்பா நம்ம பள்ளிவாசல் கோணலா இருக்கு என்று சத்தமாகச் சொன்னாய். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. பொம்மைய வச்சுக்கிட்டு அல்லாஹ்வோட வீட்டை அளக்க வந்துட்டியா என்று கத்தி, உன் கையிலிருந்து அதைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். நீ அழவில்லை. அழுதிருந்தால் அன்றைக்கே திருப்பிக் கொடுத்திருப்பேன். என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போனாய். அதற்குப் பிறகு பாடத்தில், வேலையில், கல்யாணத்தில் எல்லாம் என்னிடம் யோசனை கேட்டிருக்கிறாய், மார்க்கத்தைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அதற்கு முன்பு எத்தனை கேட்பாய், அல்லாஹ்வுக்கு எல்லா பாஷையும் தெரியுமா, தூங்குறவங்க துஆ கேட்கலாமா, மழை பெய்யும்போது வானத்து மலக்குகள் நனைவாங்களா என்று. இப்போது உனக்கு ஆய்வுக்கூடத்தில் கருவிகள் சரியாகக் காட்டுகின்றனவா என்று பார்க்கும் வேலை. போன தடவை போனில் நான் தொழுறியாம்மா என்று கேட்டேன், நீ ஒரு நொடி பேசாமல் இருந்துவிட்டு, மூட்டுக்கு எண்ணெய் தேய்க்கிறீங்களா வாப்பா என்றாய். அந்த ஒரு நொடியை வைத்துக்கொண்டு இத்தனை நாளாகத் தவிக்கிறேன். திசை தப்பியது சுவரோடு போகட்டும், என் பிள்ளையையும் நானே திருப்பி விட்டுவிட்டேனா என்பதுதான் என் பயம்.

இன்னொரு பயமும் இருந்தது. உன் உம்மா. உடம்பு முடியாத கடைசி மாதத்தில்கூட சுவரைப் பிடித்துக்கொண்டு பள்ளிவாசலில் போய்த் தொழ நின்றவள். அவள் தொழுகை எல்லாம் என் இடுப்புச் சாவியால் பாழாய்ப் போயிற்றா? செவ்வாய்க்கிழமை கடையை அரைக்கதவு சாத்திவிட்டு இமாமிடம் போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் உன் வயதுக்காரர், என் தாடியைப் பார்த்து அவருக்கே கூச்சம். திட்டுவார் என்று நினைத்தேன். தேநீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு நிதானமாகச் சொன்னார். நபிகள் நாயகம் மதீனாவுக்குப் போன பிறகும் பதினாறு பதினேழு மாதம் ஜெருசலேம் பக்கம்தான் முகம் வைத்துத் தொழுதார்களாம். பிறகு கஅபாவின் பக்கம் திரும்பச் சொல்லி வசனம் இறங்கியது. பக்கத்தில் ஓர் இடத்தில் ஆட்கள் தொழுதுகொண்டிருக்கும்போதே ஒருவர் வந்து செய்தி சொல்ல, அவர்கள் தொழுகையை விடாமல் நின்ற நிலையிலேயே திரும்பிக்கொண்டார்களாம். எனக்கு வேண்டியது அதற்கடுத்துத்தான் வந்தது. அப்போது மிச்சமிருந்தவர்களுக்கும் என் கேள்விதான். பழைய பக்கம் தொழுதுகொண்டே இறந்து போனார்களே நம் ஆட்கள், அவர்கள் கதி என்ன என்று பதறியிருக்கிறார்கள். அவர்கள் நம்பிக்கையை இறைவன் வீணாக்க மாட்டான் என்று மேலிருந்தே ஆறுதல் வந்தது என்றார் இமாம். நான் தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டுத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார், நல்ல மனிதர்.

கொஞ்சம் தெளிந்ததும், அவங்களுக்குக் கட்டளையே அப்ப அதுதான், நான் போட்டது தப்பாச்சே என்று கேட்டேன், மனது விடுகிறதா என்ன. அதற்கும் பதில் வைத்திருந்தார். அடுத்த ஐம்பது அறுபது வருடத்தில் இந்த மார்க்கத்தைச் சுமந்துகொண்டு பாலைவனத்திலும் கடலிலும் போனவர்கள் கையில் என்ன கருவி இருந்தது, சூரியன் உதிக்கிற இடத்தையும் நட்சத்திரத்தையும் பார்த்து ஒரு பக்கம் நின்றார்கள், அந்தக் காலத்துப் பள்ளிவாசல்களில் விலகி இருப்பவையும் உண்டு என்றார். அல்லாஹ் ஒரு பக்கமா உட்கார்ந்திருக்கறவன் இல்ல பெரியவரே, திசை அவனுக்காக இல்ல, கலைஞ்சு போற நமக்காக, முதலாளியும் அடிமையும் ஒரே வரிசையில நிக்கணும்னுதான் என்றார். தெரிந்து தப்பு செய்தால்தான் கேள்வி, முயற்சி செய்து தப்பினால் கூலி உண்டு என்றார். அதோடு நிறுத்தியிருந்தால் நிம்மதியாக வந்திருப்பேன். எழுந்திருக்கும்போது மெதுவாக, திசையைப் பத்தி உங்க மேல கேள்வி இல்ல, தலைவரைப் பத்தி இருக்கு என்று சொல்லிவிட்டார்.

நடுவில் ஒன்று, எழுதாவிட்டால் மறந்துவிடுவேன். ஆரம்ப காலத்தில் மக்காவில் கொடுமை தாங்காமல் ஒரு சின்னக் கூட்டம் கப்பலேறி அபிசீனியாவுக்குப் போயிற்று, அங்கே வேறு மதத்து அரசர் அவர்களுக்கு இடம் கொடுத்துக் காப்பாற்றினார் என்று நீ சின்ன வயதில் கேட்டிருப்பாய். அந்தக் கூட்டத்தில் நபிகளாரின் மகளும் கணவரோடு போனார்கள். ரொம்ப நாள் செய்தி வராமல் நபிகளார் வெளியே வந்து வருகிறவர் போகிறவரிடம் விசாரிப்பார்களாம், ஒரு பெண்மணி வந்து, நான் பார்த்தேன், கணவர் அவரைக் கழுதை மேல் ஏற்றிக் கூட்டிப் போய்க்கொண்டிருந்தார் என்று சொன்ன பிறகுதான் மனது ஆறியதாம். இமாம் இதைச் சொன்னபோது எனக்கு எழுந்து நிற்க வேண்டும் போல் இருந்தது. உன் ஊரிலிருந்து விடுமுறைக்கு வருகிற ஒருவரையும் நான் விடுவதில்லை, எம் பொண்ணப் பார்த்தீங்களா, மெலிஞ்சிருக்காளா என்று கேட்டு அறுத்துவிடுகிறேன். அவ்வளவு பெரியவர்களுக்கே அப்படி இருந்திருக்கிறது, பூட்டுக்காரன் எனக்கு இருக்காதா.

இதுவரை புதன்கிழமை எழுதியது. இன்று வெள்ளி, தொழுதுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். தொழுகைக்கு முந்தைய பயான் பேச்சு தொடங்குமுன் இமாம் எனக்கு இரண்டு நிமிடம் கொடுத்தார். ஒப்புக்கொள்வதற்கு ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துபோய், தலைவர் மேல தப்பு இல்ல, திசை போட்டது நான், என் இடுப்புச் சாவி முள்ளை இழுத்துடுச்சு, ஒரு வாரமா தெரிஞ்சும் வாயை மூடிக்கிட்டு இருந்தேன் என்று உளறிக்கொட்டினேன். முடிதிருத்தும் கடைப் பெரியவர், உனக்குத் தெரியுமே, நாம் ‘அவசரம்’ என்று கூப்பிடுவோம், அவர் எழுந்து, அப்ப முப்பது வருஷத் தொழுகையும் திரும்பத் தொழணுமா, எனக்கு முட்டி தாங்காதுப்பா என்றார். கூட்டமே சிரித்துவிட்டது, இமாமும் சிரித்துக்கொண்டே வேண்டாம் என்று கையை ஆட்டினார். நான் உட்காரவில்லை. இன்னொன்னு சொல்லணும், இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னாடியே என் மக இதைச் சொன்னா, பதினோரு வயசுல, நீங்கள்லாம் சிரிச்சீங்க, நான் அவ வாயை அடைச்சேன், அவ சொன்னதுதான் சரி என்றேன். அப்போது யாரும் சிரிக்கவில்லை.

பிறகு தொழுகைக்கு எழுந்தோம். வெறும் தரையில் சர்வேயர் சாக்குக்கட்டியால் போட்ட கோடு, கூடத்துக்குக் குறுக்கே சாய்வாக. எல்லோரும் காலை நகர்த்தி நகர்த்தி அந்தக் கோட்டில் வந்து நின்றோம், எதிரே வளைவுக்குப் பதிலாக ஓரத்துத் தூண் தெரிந்தது. கடைசி வரிசையிலிருந்து மருந்துக்கடைக்காரர் நடந்து வந்து என் பக்கத்தில் தோளோடு தோள் ஒட்டி நின்றார். தொழுது முடித்து, மாத்திரை இருக்கா, தீர்ந்துடுச்சா என்று மட்டும் கேட்டார்.

நீ தொழுகிறாயா என்று இனி நான் கேட்க மாட்டேன், அது உனக்கும் உன்னைப் படைத்தவனுக்கும் உள்ளது. ஆனால் நீ என்னைக் கேள் குட்டிம்மா. என்ன வேண்டுமானாலும் கேள், தெரிந்தால் சொல்கிறேன், தெரியாவிட்டால் இமாமிடம் ஓடிப் போய்க் கேட்டுவிட்டு வருகிறேன். மழையில் மலக்குகள் நனைவார்களா என்று இன்னும் எனக்குத் தெரியாது. என்னை மன்னித்துவிடு. மருமகனுக்கு என் சலாம் சொல், குளிரில் காதை மூடிக்கொண்டு போகச் சொல். அல்லாஹ் உங்கள் இருவரையும் தன் காவலில் வைத்து, நல்ல உடம்பையும் நல்ல மனதையும் நல்ல பக்கத்து வீட்டாரையும் தருவானாக, ஆமீன். இதோடு ஒரு சின்னப் பொட்டலம் வைத்திருக்கிறேன். பட்டறை மேசையின் கீழ் இழுப்பறையில் இருபத்திரண்டு வருடமாகப் பழைய பூட்டு நாக்குகளோடு கிடந்தது, கண்ணாடியில் ஒரு கீறல் விழுந்திருக்கிறது, வேறு பழுது இல்லை. சாவிக்கொத்தை அடுக்களையில் கொண்டுபோய் மாட்டிவிட்டு, வந்து தரையில் வைத்துப் பார்த்தேன். நீ அன்றைக்குச் சொன்ன பக்கம்தான் காட்டுகிறது.

இப்படிக்கு,
உன் வாப்பா

மறக்காதே: பிரித்துப் பார்க்கும்போது கையில் வீட்டுச் சாவி இருக்க வேண்டாம்.