அலையாய் மடிந்த அடுக்குகள்

பாப்பாவின் அப்பாவுக்கு,

உங்கள் இருமல் நின்றதா? அத்தையின் முழங்கால் வலி குறைந்ததா? எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை.

இந்த வாரம் போனில் முகம் காட்டாமல் ஏமாற்றினேன் அல்லவா? நெற்றியில் சின்னதாக ஒரு பிளாஸ்திரி. அவ்வளவுதான், பயப்படாதீர்கள்.

எங்கள் சோதனைக்கூடத்தில் கெட்டித் தகடுகளையும் மெத்தென்ற ரப்பரையும் மாற்றி மாற்றி அடுக்கி ஒட்டி, இயந்திரத்தில் வைத்து இரு பக்கமும் நெருக்குவோம். எவ்வளவு தாங்குகிறது என்று பார்ப்பதுதான் என் வேலை. முதலில் ஒன்றுமே நடக்காது. பிறகு, யாரோ உள்ளிருந்து மூச்சு விட்டதுபோல் நடுத்தகடு லேசாக வளையும். ரப்பர் இடம் கொடுக்கும். பக்கத்துத் தகடும் கூடவே நெளிய, எல்லாம் மெதுவாக அலை அலையாக மடியும். அடிபட்ட அன்று அந்த அலைகளில், பாப்பா காலால் உதைத்துச் சுருட்டிய போர்வை தெரிந்தது. இன்னும் கொஞ்சம் குனிந்தேன். பட்டென்று ஓரத்தகடு ஒட்டு விட்டுத் தெறித்து நெற்றியில் பட்டது. பாதுகாப்புக் கண்ணாடி போட்டிருந்ததால் கண்ணுக்கு ஒன்றுமில்லை.

மேற்பார்வையாளர் ஓடி வந்தார். "என்னம்மா, நின்னுக்கிட்டே தூங்கிட்டியா?"

"இல்ல சார், வீடு வரைக்கும் போயிட்டு வந்தேன்."

திட்ட வாயெடுத்தவர், அதைக் கேட்டதும் போய் மருந்துப் பெட்டியை எடுத்து வந்தார்.

உங்களுக்கு ஒரு சின்ன வேலை. அடுத்த முறை கூப்பிடும்போது பேச வேண்டும் என்றில்லை. போனைச் சமையல் மேடையில் வைத்துவிட்டு, நீங்கள் பாட்டுக்குப் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருங்கள். நான் சும்மா கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஷிப்டுக்குக் கூப்பிடுகிறார்கள், ஓடுகிறேன்.

உங்கள் வாயாடி