கல்லில் தெளித்த தீர்த்தம்

ஐப்பசி வெள்ளி, இரவு. புத்தூர்.

தங்கையின் மகள் தாரணி பல்கலைக்கழகத்திலிருந்து கண்ணாடி போன்ற ஒரு கல்லைக் கொண்டு வந்திருந்தாள். கண்ணுக்குத் தெரியாத லேசர் ஒளி அதற்குள் போனால் பச்சையாக வெளியே வருமாம். நாளைக் காலை அதைச் செய்து காட்டினால்தான் அவளுக்குப் பட்டம். லேசர் எனக்குப் புதிதா? திருவிழாவுக்கு நான் பூட்டிய பச்சை லேசர் வெளிச்சம் கடல் தாண்டி நாகப்பட்டினம் வரை தெரிந்தது.

புது மோட்டார் சைக்கிளுக்குச் செய்வது போல, கல்லைச் சாமிப் படத்தடியில் வைத்துத் திருநீறு பூசித் தீர்த்தமும் தெளித்தேன்.

"ஐயோ மாமா! உது உப்பு மாதிரி, தண்ணி பட்டால் கரையும்!"

"கோயில் தீர்த்தம் பிள்ளை, ஒண்டும் செய்யாது."

"அது கல்லுக்குத் தெரியுமே?"

துடைத்துப் பார்த்தாள். கல்லின் முகப்பு மங்கிவிட்டது. நடுவில் மட்டும் நகக்கண் அளவு தெளிவு. "உதுக்குள்ளாலை லேசரை விட்டுப் பாப்பம்" என்றவள், கல்லைத் துணியில் சுற்றிக்கொண்டு தன் அறைக்குள் போய்விட்டாள். வேறு கல் கொழும்பிலும் இல்லையாம்.

நாளைக்குப் பச்சை வந்தால், என் தீர்த்தத்தால்தான் வந்தது என்று ஊர் முழுக்கச் சொல்வேன். வராவிட்டால்...

மழை விடவில்லை. அவள் அறையில் இன்னும் விளக்கு எரிகிறது. சாமியிடம் முறையிடலாம் என்றால், தீர்த்தம் அவருடையது.