மாதாவுக்கு ஒரு மெழுகுக் கால்

12-6-1974
பள்ளிக்கூடம் திறந்துவிட்டார்கள். சாந்தோம் முழுக்கக் கேட்கிற மாதிரி யாரோ விசில் ஊதுகிறார்கள். என் விசில் ஆணியில் தொங்குகிறது. நான் கட்டிலில்.

போன மாதம் பாண்டி பஜாரில் ஜவுளிக்கடை வேன் ஒன்று பின்னால் பார்க்காமல் ரிவர்ஸ் எடுத்ததில் என் வலது முழங்கால் நொறுங்கியது. இன்னொரு ஆபரேஷன் செய்தால்தான் மடக்க முடியுமாம். பணத்துக்கு எங்கே போவது? மடங்காவிட்டால் தையல் வகுப்புக்கு மாற்றிவிடுவோம் என்று தலைமையாசிரியை மதர் சொல்லி அனுப்பியிருக்கிறார். டிரில் டீச்சர் ஃப்ளோரன்ஸ் தையல் வகுப்பிலா! எனக்கு ஊசியில் நூல் கோர்க்கவே பொறுமை கிடையாது.

16-6, ஞாயிறு
பூசை முடிந்து வேன் டிரைவர் பவுல்சாமி வந்தான். எங்கள் கோயில் பங்குக்காரன்தான், தம்பி வயசு. கதவோரம் நின்று ஒரே அழுகை. "நான்தான் திரும்பிப் பாக்கல டீச்சர். வேலை பூட்ச்சுன்னா இன்னா பண்ணுவேன், புள்ளைங்க கீது." கடைசியில் நான் அவனைச் சமாதானப்படுத்திக் காபி கொடுத்து அனுப்பினேன். அடிபட்டது யாருக்கு என்று கேட்கிறார் என் வீட்டுக்காரர் விக்டர்.

20-6
ஜவுளிக்கடை முதலாளி அய்யாதுரை அண்ணாச்சி சாத்துக்குடியும் பட்டுச்சேலையும் ஒரு சமாதானப் பத்திரமுமாக வந்தார். "நம்மளுக்குள்ள கோர்ட்டு கச்சேரியெல்லாம் எதுக்கு டீச்சரம்மா? இதுல ஒரு கையெழுத்துப் போட்டிருங்க, சோலி முடிஞ்சிரும்." பேனாவைத் திறந்தேவிட்டேன். விக்டர் பிடுங்கிக்கொண்டார். சேலையும் திரும்பிப் போயிற்று. மயில் கழுத்து நிறம் - வயிறு எரிகிறது.

8-7
விக்டர் என்னை லஸ்ஸில் இருக்கும் வக்கீல் அப்துல் கய்யூமிடம் இழுத்துப் போனார். பவுல்சாமி வயிற்றில் அடிக்கிற வழக்கு எனக்கு வேண்டாம் என்று எடுத்த எடுப்பிலேயே சொன்னேன். மனுஷர் சிரித்துவிட்டார்.

"அவர் சட்டைப்பையில யாரும் கை வைக்கப் போறதில்லம்மா. வேனுக்கு இன்சூரன்ஸ் இருக்கு. நஷ்டஈட்டை அந்தக் கம்பெனிதான் கொடுக்கணும். ஆறு மாசத்துக்குள்ள மனு போட்டா போதும். நீங்க ஒண்ணும் பிச்சை கேட்கல, உங்க உரிமை."

இவ்வளவுதானா? இது தெரியாமல் இத்தனை நாள் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தேனே!

29-8
மனு போட்டாயிற்று. இன்று பெசன்ட் நகர் வேளாங்கண்ணி மாதா கோயிலில் கொடியேற்றம். மெழுகுக் கால் ஒன்று காணிக்கை வைத்தேன். வலது கால்தானா என்று திருப்பித் திருப்பிப் பார்த்து வாங்கினேன். முழந்தாளிட முடியவில்லை. நின்றபடியே கேட்டேன்.

18-12
கிறிஸ்துமஸ் சேலை அண்ணாச்சி கடையிலேயே. அதே மயில் கழுத்து, என் காசில்! வழக்கு வேறு, சேலை வேறு. சும்மா வந்தேனா? மாதாவுக்குக் கால் வைத்த கதையை அண்ணாச்சியிடம் அளந்துவிட்டு வந்தேன்.

11-3-1975
ஐயோ, என் வாய்!

காலையில் கோர்ட்டில் பவுல்சாமி கூண்டில் நின்று, அண்ணாச்சி முறைக்க முறைக்க, "நான்தான் திரும்பிப் பாக்கல" என்றான். தங்கம்! அப்புறம் என் முறை. இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் கேட்கிறார்: "மாதாவுக்குக் கால் காணிக்கை செலுத்தினீங்களா? குணமானதுக்குத்தானே?"

போச்சு, தையல் வகுப்புதான் என்று நினைத்தேன். அப்புறம் கோபம் வந்தது பாரு -

"குணமாயிருந்தா எங்க வீட்டு வழக்கப்படி வெள்ளியில வெச்சிருப்பேன் சார். மெழுகு, கேக்கிறதுக்கு. அது ரசீது இல்ல, மனு. இங்க ஒண்ணு போட்டேன், மாதாகிட்ட ஒண்ணு போட்டேன். ரெண்டுலயும் இன்னும் தீர்ப்பு வரல."

நீதிபதி கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

2-5
ஜெயிச்சாச்சு! ஆபரேஷனுக்குத் தேதி கேட்க விக்டர் ஓடியிருக்கிறார். பவுல்சாமி வேலையும் தப்பியது. "உண்மையச் சொன்னவன வெளிய அனுப்புனா எனக்குத்தான கெட்ட பேரு" என்றாராம் அண்ணாச்சி.

8-2-1976, ஞாயிறு
நேற்று ஸ்போர்ட்ஸ் டே. கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது. காலை இன்னும் கொஞ்சம் சாய்த்துத்தான் வைக்கிறேன், இருக்கட்டும்.

இன்று பவுல்சாமி எங்களை அதே வேனில் பெசன்ட் நகருக்குக் கூட்டிப் போனான். ரிவர்ஸ் எடுக்கும்போது கழுத்து வலிக்கிற அளவுக்குத் திரும்பித் திரும்பிப் பார்த்தான். மாதாவின் முன்னால் வெள்ளிக் கால் ஒன்றை வைத்துவிட்டு முழந்தாளிட்டேன். எழுந்திருக்கத்தான் விக்டர் கை கொடுக்க வேண்டியிருந்தது.