எண்ணாமல் விட்ட செருப்பு

மச்சான்,

இன்று காலை பம்மலில் உன் வீட்டுப் படியேறும்போது, பழக்கதோஷம், வாசலில் கிடந்த செருப்புகளை எண்ணினேன். எண்ணி முடித்ததும் கால் நின்றுவிட்டது. மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோய் இருபது நாளாகிறது. அந்தப் பழைய பயம் மட்டும் அப்படியே இருக்கிறது.

சாஃப்ட்வேர் கம்பெனியின் சர்வர் ரூமில் நாம் பார்த்த சர்வீஸ் வேலை நினைவிருக்கிறதா? அங்கே தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்ற முடியாது, மெஷினெல்லாம் பாழ். அதனால் பக்கத்து அறையில் ஆளுயர கேஸ் சிலிண்டர்கள். நெருப்பென்று தெரிந்தால் அரை நிமிடம் சைரன் அடித்துவிட்டு, அறை முழுக்க கேஸைக் கொட்டி நெருப்பின் மூச்சை அடைக்கும். உள்ளே ஆள் மாட்டினால் அவனுக்கும் மூச்சுத் திணறும். நாம் வேலை செய்யும்போது சிலிண்டர் திறக்காதபடி ஒரு பின் செருகியிருப்போம். தூசி போகக் கூடாதென்று எல்லோரும் செருப்பை வெளியே விடுவார்கள். வாசல் காலியான பிறகுதான் நீ பின்னை உருவுவாய். அது நீயே வைத்துக்கொண்ட முறை.

அதைக் கெடுத்தவன் நான். தாம்பரம் மார்க்கெட்டில் வாங்கிய புதுச் செருப்பு. முந்தின ஜோடியை வேறொரு ஆபீஸ் வாசலில் எவனோ சுட்டுவிட்டான். இதுவும் போய்விடுமென்று பேப்பரில் சுற்றி, டூல்ஸ் பையில் போட்டு உள்ளே கொண்டுபோய்விட்டேன். என் புத்தி அவ்வளவுதான்.

தரைப்பலகையைக் கழற்றிக் கீழே குப்புறப் படுத்து ப்ளோயரால் ஊதினேன். கிளம்பிய தூசியைப் புகையென்று எடுத்துக்கொண்டு சைரன் அலறியது. பின் இருக்கிறதே என்று ஒரு நொடி தைரியம். அப்புறம் பைக்குள் இருக்கும் செருப்பு ஞாபகம் வந்தது. வாசல் காலியென்று நீ பின்னை உருவியிருப்பாய். சாமி பேர்கூட வாயில் வரவில்லை.

கண்ணாடிக் கதவு வழியே என் கால் உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். கதவோரம் கேஸை நிறுத்திவைக்கும் பட்டனை அழுத்திப் பிடித்தபடி, "டேய், வெளிய வாடா மொதல்ல" என்று கத்தினாய். தவழ்ந்து வந்தேன். நான் வந்த பிறகும் நீ விரலை எடுக்கவில்லை. அலாரம் பேனலை நான்தான் அணைத்தேன்.

டீக்கடையில் பாதி டீயைச் சட்டையிலேயே கொட்டிக்கொண்டாய். "வாசல்ல செருப்பு இல்ல, நீ டீக்குப் போய்ட்டன்னு நெனச்சுகினேன்டா. பின்னை எடுத்துட்டேன். செருப்பு கீதுன்னா ஆளு உள்ள கீறான். எனக்கு அவ்ளோதான் தெரியும்" என்றாய். நான் அழுதேன். நீ திட்டிக்கொண்டே இருந்தாய்.

அன்றிலிருந்து எந்த வாசலிலும் எண்ணாமல் நுழைந்ததில்லை. இன்று உன் மனைவியுடையது ஒன்று, பையனுடையது ஒன்று, ஓரத்தில் குதிகால் தேய்ந்த உன் பழுப்புச் செருப்பு. நான் அதையே பார்ப்பதைக் கண்டு, "இருந்துட்டுப் போவட்டும்ணா" என்றது தங்கச்சி.

உள்ளே கூப்பிட்டது. நான் போகவில்லை மச்சான். வாசலிலேயே நின்று பேசிவிட்டுத் திரும்பிவிட்டேன். உள்ளே போனால் நீ சொன்ன கணக்கு தப்பென்று தெரிந்துவிடுமே என்று பயமாக இருந்தது.