ஈர வர்ணத்தில் சந்தனம்

3-10-1938, திங்கட்கிழமை. ஆயுத பூஜை.

ஜமீன்தார் ஒருவர் ஓட்டித் தேய்த்த பெரிய மோட்டாரை வாங்கி, ஒவ்வொன்றாகச் சீர்செய்து வருகிறேன். நேற்றுத்தான் என்ஜின் மூடிக்குக் கறுப்பு வர்ணம் பூசி முடிந்தது. காயும்வரை யாரும் தொடக் கூடாது என்று வீட்டில் அனைவரிடமும் சொல்லியிருந்தேன். இன்று காலை நான் குளித்துவிட்டு வருவதற்குள், என் மனைவி அதன்மேல் மூன்று இடத்தில் சந்தனம் அப்பிக் குங்குமமும் வைத்துவிட்டாள்.

"வர்ணம் காயவில்லை என்று சொன்னேனே!"

"அம்மிக்கும் அருவாமனைக்கும் வச்சாச்சு. இம்புட்டுப் பெரிய வண்டிய வெறும் நெத்தியோட விடச் சொல்றீகளா?"

துடைத்தால் வர்ணமும் சேர்ந்து வருகிறது.

மாலையில் சிம்மக்கல்லிலிருந்து அவள் தம்பி வந்தான். இந்த வண்டியைப் பழைய இரும்பு என்றே ஊரெல்லாம் சொல்லி வருபவன். அவன் வாயை அடைக்கத்தான் இத்தனை பாடும். வந்தவன் பொட்டுகளைப் பார்த்தான். செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

"அத்தான், இப்பத்தான் வண்டிக்கு லட்சணம் வந்திருக்கு. ஏறி உக்காரலாமா?"

புது வர்ணத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

பொட்டுகளை இனி அழிப்பதற்கில்லை. அழித்தால் அவன் மறுபடியும் பழைய இரும்பு என்பான். ஆனால் நடுப்பொட்டு நடுவில் இல்லை. இடப்பக்கமாக ஒரு விரற்கடை விலகியிருக்கிறது. அதை எப்படித் தினமும் பார்ப்பது?