பலூனும் பார்பெல்லும்

செப். 8, திங்கள்

விடியற்காலையிலிருந்து மழை. பாடி மேம்பாலத்தடியில் முழங்கால் தண்ணீர். ஆபீசுக்கு லீவு, எக்ஸ்ரேக்கு வரிசை. மூச்சை இழுத்தால் இடது விலாவில் குத்துகிறது. எலும்பு முறியவில்லையாம். அண்ணன் காலுக்கு அவ்வளவுதான் பலம்.

நேற்று என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா என் உள்ளங்கையைத் தடவிப் பார்த்து, "இன்னாமா, கையெல்லாம் காச்சிப் போய்க் கீது?" பாத்திரம் தேய்த்தது என்று சொல்லும்படி அண்ணன் கண்ணைக் காட்டினான். "பார்பெல்" என்றேன். நூறு கிலோ தூக்குவேன் என்றும் சேர்த்துச் சொன்னேன். காப்பி ஆறுவதற்குள் எழுந்து போய்விட்டார்கள். கார் தெருமுனை திரும்பியதும் அண்ணன் என்னைக் கூடத்தில் தள்ளி உதைத்தான். அம்மா தம்ளர்களைப் பொறுக்கினாள்.

ஞாயிறு ஆவடியில் போட்டி. தூக்கியே தீருவேன்.

மாலை ஜிம். என்னோடு பார்பெல் தூக்கும் ஸ்டெல்லா விலாவைத் தொட்டுப் பார்த்தாள். வியாழன் வரை பார் பக்கமே வரக் கூடாதாம். வீட்டில் காலையும் மாலையும்:

– மல்லாந்து படுத்து, பாதம் சுவரில், பலூன் ஊதல்
– பூனை மாதிரி முதுகை வளைத்து நிமிர்த்தல்
– படுத்தபடி மெல்லப் புரளல்

பால்வாடி பாடமா இது? ஆத்திரமாக வந்தது.

செப். 9, செவ்வாய்

வெயில். பலூன் எலுமிச்சை அளவைத் தாண்டவில்லை. இடது பக்கம் காற்றே போக மாட்டேன் என்கிறது.

அண்ணன் வாசலில் நின்று பார்த்தான். "இன்னாடி, பர்த்டேவா?" செருப்புக் காலால் பலூனை மிதித்தான். பட்டென்று சத்தம். என் முகத்துக்கும் அவன் செருப்புக்கும் ஒரு சாண்.

கட்டிலடியில் பார்பெல்லில் மாட்டும் பத்து கிலோ தட்டு இருக்கிறது. அதை அவன் பாதத்தில் போட்டால் எந்த விரல் முதலில் நசுங்கும் என்று சாப்பிடும்போதும் யோசித்தேன். சுண்டுவிரல்தான்.

அம்மா: "அவன் கோவம் தெரிஞ்சிகினே ஏண்டி எதுக்க போற?"

வாங்க: பலூன் பாக்கெட், ஷாம்பு, வலி மருந்து.

செப். 11, வியாழன்

பலூன் ஆரஞ்சு அளவு! குத்தல் குறைவு. புரளும்போது இடுப்பு லேசாகிறது. ஸ்டெல்லாவிடம் சொல்லவில்லை, தலைக்கனம் ஏறும்.

மாலை வெறும் பார் மட்டும். ஸ்டெல்லா நிறுத்தினாள். "தூக்காதப்பவும் ஏண்டி மூச்ச புடிச்சிகினே கீற? ஊட்லயும் இப்டித்தானா?"

பஸ்ஸில் யோசித்தேன். அவன் பைக் சத்தம் கேட்டாலே வயிற்றை இறுக்கி மூச்சை அடைத்துக்கொள்கிறேன். எடை தூக்கக் கற்ற வித்தையை உதை வாங்கச் செலவழித்திருக்கிறேன். த்தூ! அழுகை வந்தது, கண்டக்டர் பார்த்தார்.

ஸ்டெல்லா சொன்னது: "எறக்கும்போது மூச்ச மெதுவா உடு. மூச்சு ஃபுல்லா வெளிய போற வரிக்கும் கை பார உடக் கூடாது."

செப். 13, சனி

புழுக்கம். பலூன் என் தலை அளவு. ஒரே மூச்சில். நூறு கிலோ நேற்று வலியில்லாமல் ஏறியது.

இன்று சாயங்காலம் பையைத் திறந்தால் எடை தூக்கும்போது கட்டும் என் இடுப்பு பெல்ட் மூன்று துண்டு. கறி வெட்டும் கத்தி மேலேயே கிடந்தது, மறைக்கக்கூட இல்லை.

அண்ணன்: "நாளிக்கி எப்டிப் போறன்னு நானும் பாக்கறேன்."

"பெல்ட் இல்லாமலே போவேன்."

கையை ஓங்கினான். மணிக்கட்டைப் பிடித்தேன். வயிற்றை இறுக்கவில்லை, மூச்சை அடைக்கவில்லை. மூச்சை மெதுவாக விட ஆரம்பித்தேன். பாரைப் பிடிக்கும் அதே பிடி. முதலில் சிரித்தான். பிறகு முகம் கோணியது. முழங்கால் மடங்கித் தரையில் உட்கார்ந்தான்.

"உட்றீ... ஒடியிதுடி..."

"உட்ரும்மா, அண்ணன்டி அவன்!" அம்மா.

பதில் சொன்னால் மூச்சு கெடும். மூச்சு முழுக்க வெளியே போனதும் கையை விட்டேன்.

இந்த வாரத்தில் என் மூச்சு ரொம்ப நீண்டிருக்கிறது.